வீட்டு ஆர்கேட் பெட்டி: பொத்தானைப் பார்க்கும் முன் பவர் சப்ளையைப் பாருங்கள்

விளையாட்டுக் கூடங்களில் காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் விளையாட்டுகளை வீட்டில் ஓட்ட ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் ஜாய்ஸ்டிக்கைப் பற்றிக் கேட்பார்கள், பொத்தானைப் பற்றிக் கேட்பார்கள், திரையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். வீட்டு மின்சாரத்தை விளையாட்டின் சர்க்யூட் போர்டுக்கு வேண்டிய 5, 12 வோல்ட்டாக மாற்றும் பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ்., என்று வந்தால் மட்டும், "போர்டோடு ஒரு எஸ்.எம்.பி.எஸ். வந்திருக்கிறது சார், நான்கைந்து ஒயர்தானே" என்று முடித்துவிடுவார்கள். அந்த நான்கைந்து ஒயரில் இரண்டு 230 வோல்ட் ஒயர்கள். விளையாட்டுக் கூடத்தில் இந்தப் பெட்டிகளுக்குப் பூட்டும் உண்டு, திறந்து பார்க்கத் தொழில் தெரிந்த ஆளும் உண்டு. வீட்டில் பின்பலகையை மாட்டாமலே வைத்திருக்கிறோம். முன்னால் நின்று விளையாடுவது பிள்ளைகள்.

ஆர்கேட் பெட்டிக்கென்று விற்கப்படும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் வரிசையாகத் திருகுகள். ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் ஒரு முனையில். அவற்றை ஒட்டியே கிரவுண்ட், பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12. உயிரைப் பறிக்கும் மின்சாரமும் ஒன்றும் செய்யாத மின்சாரமும் ஒரே பட்டையில், சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் மூடி வரும். பல சமயம் அதுவும் வராது. மூடி இல்லையென்றால் அதை அப்படியே பெட்டிக்குள் திருகாதீர்கள். ஃபேஸ், நியூட்ரல் திருகுகளை விரல் தொட முடியாதபடி தனி உறைக்குள் அடையுங்கள். பிள்ளையின் கை காசுக் கதவு வழியாகவும் உள்ளே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டிய இன்னொன்று, பக்கவாட்டிலோ துளைக்குள்ளோ இருக்கும் 110/220 என்ற சிறிய சுவிட்ச். வெளிநாட்டிலிருந்து வரும் சப்ளைகளில் அது 110-இல் நிற்பதுண்டு. அந்த நிலையில் உள்ளிருக்கும் சுற்று, வரும் மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும்படி அமைந்திருக்கிறது. நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால், 200 அல்லது 250 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மீதும் ஏறத்தாழ 325 வோல்ட் ஏறும். ஃபியூஸ் போனால் நல்ல காலம். இல்லையென்றால் கெப்பாசிட்டர் வெடித்து, உள்ளிருக்கும் திரவம் சூடாகத் தெறிக்கும். அப்படி வெடித்த ஒன்றை ஒருவர் என் மேசைக்குக் கொண்டுவந்தார். அலுமினியக் குப்பியின் தலை பிளந்து, உள்ளிருந்த தாள் சுருள் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. முகத்தை அருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்திருந்தால் கண் போயிருக்கும்.

எர்த் விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. "ஜாய்ஸ்டிக் தகட்டைத் தொட்டால் கை சுரீரென்கிறது, ஆனால் விளையாட்டு நன்றாக ஓடுகிறது" என்று சொல்பவர்கள் பலர். டெஸ்டரை வைத்தால் மங்கலாக எரியும். காரணம் எளிது. இரைச்சலை வடிகட்ட எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் உலோக உறைக்குச் சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருக்கிறார்கள். எர்த் இணைக்காவிட்டால் உறை அந்த இரண்டுக்கும் நடுவே, சுமார் 115 வோல்ட்டில் மிதக்கும். அதில் ஓடும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே காப்பு பழுதாகி ஃபேஸே உறையைத் தொட்டுவிட்டால், அதைக் கொண்டுபோக எர்த் இல்லை. தகட்டில் கை வைத்திருக்கும் பிள்ளைதான் வழி. இரண்டு முள் பிளக்கை மாட்டி, "சுரீர் என்பது எல்லா எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ளதுதான்" என்று சமாதானம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பெட்டி மரத்தாலானது என்பதால் ஒவ்வோர் உலோகப் பாகமும் தனித்தனியாக நிற்கிறது. எஸ்.எம்.பி.எஸ். உறை, கட்டுப்பாட்டுத் தகடு, காசுக் கதவு, திரையின் சட்டம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் பச்சை ஒயர் போக வேண்டும். வேலை முடிந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் தடித்த முள்ளுக்கும் ஒவ்வோர் உலோகப் பாகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஓர் ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். பெயின்ட் பூசிய இடத்தில் திருகினால் காட்டாது, சுரண்டிவிட்டுத் திருகுங்கள். வீட்டு எர்த்தே சரியில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மின்சாரம் கசிந்தால் உடனே துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இல்லாத வீட்டில், இந்தப் பெட்டியைக் காரணமாகச் சொல்லியாவது ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

ஃபியூஸையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கிறது. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மூன்று முள் பிளக்கில் கிடையாது. ஆகவே ஃபியூஸும் சுவிட்சும் சேர்ந்து வரும் சாக்கெட்டைப் பெட்டியின் பின்புறம் பொருத்தி, ஃபேஸ் ஒயர் ஃபியூஸ் வழியாகப் போகும்படி செய்யுங்கள்.

ஒயர் நிறத்தை மட்டும் வைத்து எதையும் இணைக்காதீர்கள். நம் பழைய வீட்டு வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டியின் மின் கம்பியில் கறுப்புதான் ஃபேஸ். கணினி எஸ்.எம்.பி.எஸ்.ஸிலோ கறுப்பு கிரவுண்ட். மூன்றும் ஒரே பெட்டிக்குள் சந்திப்பதை நான் பார்த்திருக்கிறேன். அளந்து, காகிதத் துண்டில் பெயர் எழுதி ஒயரில் ஒட்டிய பிறகே திருகை முடுக்க வேண்டும்.

இனி போர்டின் பக்கம். இங்கே போவது உயிர் இல்லை, பொருள். ஆனால் அந்தப் பொருள் மறுபடி தயாரிக்கப்படாத பொருள். ஜப்பானிய ஆர்கேட் இயந்திர உற்பத்தியாளர் சங்கம் போர்டைப் பெட்டியின் ஒயர்களோடு இணைக்க 1985-இல் கொண்டுவந்த பொது இணைப்பு முறையான ஜாம்மாவில் 56 முனைகள் உண்டு, பக்கத்துக்கு 28. பாகங்கள் இருக்கும் பக்கத்தில் 1, 2 கிரவுண்ட். 3, 4 பிளஸ் 5. 5 மைனஸ் 5. 6 பிளஸ் 12. ஏழாவது முனை வெறுமையாக இருக்கும். அங்கே கனெக்டரைத் தலைகீழாகச் செருகாமல் தடுக்க ஒரு சிறு தடுப்புத் துண்டு இருக்க வேண்டும். மலிவான கனெக்டர்களில் அந்தத் துண்டு தனியாகப் பையில் வரும். பலர் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். முதலில் அதைச் செருகுங்கள்.

"ஒலியைக் கூட்டினால் விளையாட்டு முதலிலிருந்து தொடங்கிவிடுகிறது" என்று ஒரு போர்டு வந்தது. வேறொரு கடையில் இரண்டு ஐ.சி. மாற்றியும் சரியாகவில்லையாம். பெட்டியையே வரவழைத்து அளந்தேன். எஸ்.எம்.பி.எஸ். திருகில் 5.02 வோல்ட். அதே நேரத்தில் போர்டின் மீதிருந்த ஐ.சி. கால்களில் 4.6. குறைந்தபட்சம் 4.75 வேண்டும். 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்பினால், 4 ஆம்பியரில் ஒயரிலேயே 0.2 வோல்ட் விழும். எஞ்சியதைப் பச்சை பிடித்த கனெக்டர் முனை தின்றுகொண்டிருந்தது. கிரவுண்டுக்கும் 5 வோல்ட்டுக்கும் தலா ஒரே ஒயர். ஜாம்மாவில் 5 வோல்ட்டுக்கு நான்கு முனைகளும் கிரவுண்டுக்கு எட்டும் கொடுத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. முனைகளைத் துடைத்து, ஒயர்களை இரட்டிப்பாக்கியதும் போர்டு தடங்கலின்றி ஓடியது. போர்டில் ஒரு குறையும் இல்லை.

ஆகவே 5 வோல்ட்டை எப்போதும் போர்டின் மீது, விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். முதல் முறை போர்டை இணைக்காமல் அளந்து, பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அணைத்துவிட்டு இணையுங்கள். பிறகு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும் சிறு திருகைத் திருகி 5.0-இலிருந்து 5.1-க்குள் வையுங்கள். மோசமான ஒயரை ஈடுகட்ட அந்தத் திருகை ஏற்றிக்கொண்டே போவது தவறு. மலிவான சப்ளைகளில் 5-ஐ ஏற்றினால் 12-உம் கூடவே ஏறும்.

பழைய போர்டுக்குப் பதிலாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்துப் பெட்டி செய்பவர்களுக்கும் இதே கணக்குதான். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மின்னல் குறி காட்டும். கைப்பேசி சார்ஜரையும் மெல்லிய கேபிளையும் மாற்றாமல் மென்பொருளைக் குற்றம் சொல்வதில் பயனில்லை.

ஒயர் முனையில் ஈயம் பூசித் திருகுக்கடியில் வைக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி, சில மாதங்களில் இணைப்பு தளர்ந்து சூடேறும். லக் என்ற உலோக முனையை ஒயரில் வைத்து நசுக்கித் திருகுங்கள்.

பழைய குழாய்த் திரையோடு பெட்டி வாங்கியிருந்தால், அதை நேராக 230-இல் செருகாதீர்கள். பல ஆர்கேட் மானிட்டர்களின் சுற்று மின் இணைப்பிலிருந்து பிரிக்கப்படாதது. அப்படிப் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் இணைத்தால் போர்டும் போகும், தொடுபவருக்கும் ஆபத்து. அணைத்த பிறகும் படக்குழாய் ஆயிரக்கணக்கான வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். அதன் மின்னை இறக்கும் முறையை எழுத்தில் படித்துக் கற்றுக்கொள்ள வேண்டாம். டிவி பழுதுபார்த்துப் பழகிய ஒருவரை அழைத்து, அவர் செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்.