சொல் விளக்கம்: வின்டர் பிரேக்

டிசம்பர் பிறந்தால் உதைபந்தாட்டச் செய்திகளில் 'வின்டர் பிரேக்' என்ற தொடர் தலைகாட்டும். ஐரோப்பியத் தொழில்முறை லீக்குகள் பல, நத்தாரை ஒட்டிச் சில நாட்களோ வாரங்களோ ஆட்டங்களை நிறுத்திவைப்பதற்கு அதுதான் பெயர். அங்கே போட்டிப் பருவம் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடிவதால் நடுவில் குளிர்காலம் வந்து விழுகிறது. நோர்வேயிலும் சுவீடனிலும் வசந்தத்தில் தொடங்கும் பருவம் குளிர் முற்றுமுன் முடிந்துவிடும். அங்கே இந்தச் சொல்லுக்கு வேலையில்லை.

'வின்டர்' பழைய ஜெர்மானியச் சொல். அதன் வேர் ஈரத்தைக் குறித்தது என்பது சொற்பிறப்பியலாளர் தரும் விளக்கங்களில் ஒன்று. அது சரியென்றால் மழையைக் குறிக்கும் நம் 'மாரி'யும் அதுவும் பொருளளவில் அக்கம்பக்கம். 'பிரேக்' என்பது உடைத்தல். தொடர்ச்சி உடைவதால் இடைவெளி. ஜேர்மனியர் இதை 'வின்டர்பௌஸ' என்பார்கள். குளிர்கால நிறுத்தம் என்று பொருள். பிரெஞ்சுக்காரர் சொல்வதோ 'குளிர்காலப் போர்நிறுத்தம்'. நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை வாடகைக் குடியிருப்பாளரை வீட்டிலிருந்து வெளியேற்றக் கூடாது என்ற பிரெஞ்சுச் சட்டத் தடைக்கும் இதே பெயர்தான். மலையகத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தின் அறைக்கு உறுதிப்பத்திரம் கேட்டே தலைமுறைகளைக் கழித்த நமக்கு அந்தப் பொருள்தான் முதலில் உறைக்கும்.

ஜேர்மனியின் முதல்தர லீக்கான புண்டஸ்லிகா 1986-87 பருவத்தில் இந்த நிறுத்தத்தை முறையாகக் கொண்டுவந்தது. உறைந்த மைதானமே அங்கு முதற் காரணம். அந்தக் காரணம் இங்கிலாந்துக்கும் இருந்தது. 1963 ஜனவரியில் தொடங்கிய எஃப்.ஏ. கிண்ண (தோற்றால் வெளியேறும் இங்கிலாந்துக் கழகப் போட்டி) மூன்றாம் சுற்று, கடும் பனியால் மார்ச் வரை இழுபட்டது. ஆனாலும் நத்தாருக்கு மறுநாள் ஆட்டம் பார்ப்பது அவர்களுக்குக் குடும்பச் சடங்கு, விட மனமில்லை. 2020 பெப்ரவரியில்தான் அந்நாட்டின் முதல்தர லீக்கான பிரீமியர் லீக் முதன்முதலாக நடுப்பருவ நிறுத்தம் ஒன்றைக் கொடுத்தது. அதுவும் எல்லாக் கழகங்களுக்கும் ஒரே நேரத்தில் அல்ல, இரண்டு வார இறுதிகளில் பிரித்து. அந்த நாட்களுக்குள் கீழ்ப்பிரிவுக் கழகமான ஷ்ரூஸ்பரியுடன் எஃப்.ஏ. கிண்ண மறு ஆட்டம் வந்து விழ, லிவர்பூல் இளையோர் அணியை அனுப்பி 1-0 என்று வென்றது. 2024-25 பருவத்தில் நிறுத்தத்தையே கைவிட்டார்கள்.

கைவிட்டது தவறு என்பேன். ஐரோப்பாவின் முன்னணி அணிகளை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வொன்று, குளிர்கால நிறுத்தம் இல்லாத அணிகள் காயங்களால் பருவத்துக்குச் சராசரியாக 303 வீரர்-நாட்களை (ஒரு வீரர் ஒரு நாள் ஆட முடியாமல் போனால் ஒரு வீரர்-நாள்) கூடுதலாக இழக்கின்றன என்று காட்டியது. மைதானத்தின் அடியில் சூடேற்றும் குழாய்களைப் பதித்துப் பனியை வென்றுவிடலாம். தொடைத்தசைக்கு அப்படி ஒரு குழாய் இல்லை. ஆக, பெயரில் குளிர் இருந்தாலும் இன்று பேசப்படுவது களைப்பு. பிரீமியர் லீக்கே அதை 'பருவ நடுவில் வீரர்களுக்கான இடைவேளை' என்றுதான் குறிப்பிட்டது.

மலையகத்தில் இருந்து பார்த்தால் சொல் இன்னும் விலகிப் போகிறது. நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியல்களில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும். ஆனால் பந்து நிற்பதில்லை. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் அவை வெயில் மாதங்கள், ஆடத் தோதான காலம். மைதானம் சேறாவது தென்மேல் பருவமழை கொட்டும் ஜூன், ஜூலையில். பதுளை, பசறைப் பக்கமோ வடகீழ் மழைக்கு ஒதுங்க வேண்டியது டிசம்பரில். ஒரே மலையகத்துக்குள் இரண்டு 'வின்டர்'.

இனித் தமிழ். 'குளிர்கால விடுப்பு' தமிழகத்தில் செல்லும். யாழ்ப்பாணத்தில் 'விடுப்பு' என்றால் ஊர்வம்பு. குளிரில் கூடி வம்பளப்பதாக எண்ணிக்கொள்வார்கள். 'இடைநிறுத்தம்' தண்டனை வாடை வீசும் சொல், பணி இடைநிறுத்தத்தை நினைவூட்டும். 'ஓய்வு' என்று தலைப்பிட்டால் வீரர் விளையாட்டையே விட்டுவிட்டார் என்று படிப்பார்கள். 'விடுமுறை'யும் ஒட்டாது, அந்த நாட்களில் பயிற்சியும் நட்பு ஆட்டங்களும் நடப்பதுண்டு. 'இடைவேளை'க்கு 45 நிமிடம் கழித்து வருவது என்ற பொருள் ஏற்கெனவே உண்டு என்றாலும், முன்னால் 'குளிர்கால' சேர்ந்தால் குழப்பம் தீர்ந்துவிடுகிறது. மார்கழி, தை முன்பனிக்காலம் என்பதால் 'முன்பனி இடைவேளை' என்றும் ஆசைப்படலாம். அழகுதான், செய்திக்கு உதவாது.

எனவே ஜேர்மனிக்குக் 'குளிர்கால இடைவேளை' என்றே எழுதலாம். இங்கிலாந்து கொடுத்துப் பார்த்ததற்கு 'நடுப்பருவ இடைவேளை' பொருந்தும். வெறுமனே 'பருவ இடைவேளை' என்றால் நம் பக்கம் மழை விட்டதா என்று கேட்பார்கள்.