டிஸ்க் இல்லாத 12 சர்வர், எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி

கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருநாள் காலை போன் வந்தது. "ஏனுங்ண்ணா, கரண்ட் வந்து அரை மணி நேரமாச்சுங்க, ஒரு மிஷின்கூட எந்திரிக்கலைங்க" என்றார் அங்கிருந்த தம்பி. பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்துக்குள் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்று கணக்குப் போட 12 சர்வர் வைத்திருக்கிறார்கள். எதிலும் டிஸ்க் கிடையாது. எல்லாமே ஒரு மத்திய சர்வரிலிருந்து என்எஃப்எஸ் (இன்னொரு சர்வரின் ஃபைல்களை நெட்வொர்க்கில் பயன்படுத்தும் முறை) வழியாக ஓடுகின்றன.

இந்த முறை எனக்குப் பிடிக்கும். ஃபவுண்டரிப் புழுதி படிகிற இடத்தில் டிஸ்க் குறைந்தால் நல்லதுதான். சாஃப்ட்வேரை ஓர் இடத்தில் மாற்றினால் பன்னிரண்டிலும் மாறிவிடும். ஆனால், பன்னிரண்டு பெட்டியில் பிரிந்து கிடந்த ஆபத்து இப்போது ஒன்றில் வந்து குவிந்திருக்கிறது. டிஸ்க்கில் மிச்சமான காசை அந்த ஒன்றுக்குச் செலவழிக்காமல் விடுகிறார்கள். எனக்கு வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

டிஸ்க் இல்லாத சர்வர் எழுந்ததும் பிஎக்ஸ்இ (நெட்வொர்க்கிலிருந்து பூட் ஆகும் வசதி) மூலம் "நான் யார், எங்கே போக வேண்டும்" என்று கேட்கும். முகவரி கொடுக்கும் சேவையான டிஎச்சிபி, ஐபி முகவரியையும் பூட் ஃபைலின் பெயரையும் சொல்லும். ஃபைல் அனுப்பும் எளிய சேவையான டிஎஃப்டிபி அந்த ஃபைலையும் அப்புறம் கெர்னலையும் (ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) தரும். கெர்னல் எழுந்து ரூட் ஃபைல் சிஸ்டத்தை (சிஸ்டம் ஓடத் தேவையான ஃபைல்களின் அடித்தளம்) என்எஃப்எஸ்ஸில் இணைத்துக்கொள்ளும். அன்று கரண்ட் வந்ததும் பன்னிரண்டும் உடனே கேட்டன. மத்திய சர்வரோ டிஸ்க்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. பதில் வரவில்லை, அப்படியே நின்றுவிட்டன. இதற்குத் தீர்வு எளிது. கரண்ட் வந்ததும் தானாக எழும் வசதி பயாஸில் மத்திய சர்வருக்கு மட்டும் இருக்கட்டும். என்எஃப்எஸ் தயாரானதும் அதுவே மற்றவற்றை ஐபிஎம்ஐ (தூரத்திலிருந்தே சர்வரை ஆன் செய்யும் வசதி) மூலம் எழுப்பட்டும். நெட்வொர்க் சுவிட்ச்சையும் பாருங்கள். பழைய ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுற்றுப்பாதை உருவாகாமல் தடுக்கும் முறை) ஓடினால் போர்ட் திறக்க 30 விநாடி ஆகும், அதற்குள் சில நெட்வொர்க் கார்டுகள் கேட்பதை நிறுத்திவிடும். அந்தப் போர்ட்டுகளில், உடனே திறக்க வைக்கும் போர்ட்ஃபாஸ்ட் போட்டால் சரி.

எழுப்பிய பிறகுதான் பெரிய அடி தெரிந்தது. மூன்று நாள் ஓடிய கணக்கில் கடைசியாகச் சேமித்த ஃபைல்கள் கெட்டுக் கிடந்தன. மத்திய சர்வர் எதை யாருக்குப் பகிர்கிறது என்னும் எக்ஸ்போர்ட் பட்டியலைத் திறந்தேன், 'ஏசிங்க்' என்றிருந்தது. தரவு டிஸ்க்கில் இறங்கும் முன்பே "எழுதியாச்சு" என்று சர்வர் பதில் சொல்லிவிடும் ஏற்பாடு அது. வேகம் நன்றாகத் தெரியும். நடுவில் கரண்ட் போனால், எழுதியதாகச் சொன்னது எங்கேயும் இருக்காது. என்எஃப்எஸ் கருவிகளில் 1.0.0 பதிப்பு வரை அதுவே இயல்பாக இருந்தது. பிறகு, தரவு டிஸ்க்கில் இறங்கிய பின்பே பதில் சொல்லும் 'சிங்க்' இயல்பானது. வேகத்துக்காக யாரோ அதை மாற்றியிருக்கிறார்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். வேகம் வேண்டுமென்றால் கரண்ட் போனாலும் தரவைக் காக்கும் எஸ்எஸ்டி வாங்குங்கள். யுபிஎஸ் தீரும் முன்பு சர்வர் தானே முறையாக அணையும்படி இரண்டுக்கும் இணைப்புக் கொடுங்கள். மற்ற சர்வர்கள் என்எஃப்எஸ்ஸை இணைக்கும் மவுண்ட்டில் 'சாஃப்ட்' போடுவதும் இதே வகை. சர்வர் தாமதித்தால் எழுதுவது பாதியில் முறியும், புரோகிராம் அதைக் கவனிக்காமல் போகலாம். 'ஹார்டு' இருந்தால் காத்திருக்கும், அதுதான் நமக்குத் தேவை.

ரூட்டை எல்லாருக்கும் வாசிக்க மட்டும் கொடுங்கள். எழுதவேண்டியவை ராமில் நிற்கும்படி, ரூட்டின் மேல் ஓர் அடுக்காக ஓவர்லே ஃபைல் சிஸ்டம் போடலாம். 2014இல் வந்த லினக்ஸ் 3.18 முதல் அது கெர்னலிலேயே இருக்கிறது. ஆனால் லாக் (சர்வரின் நிகழ்வுப் பதிவு) வளர்ந்தால் ராமைத் தின்றுவிடும், ரீபூட் ஆனால் மறைந்தும் போகும். அதனால் லாக்கை மத்திய சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். இமேஜில் மெஷின் ஐடி ஃபைலைக் காலியாக விடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 12 சர்வரும் ஒரே அடையாளத்தோடு திரியும்.

வழக்கமான அமைப்பில் என்எஃப்எஸ், அனுப்புகிற பயனர் எண்ணை அப்படியே நம்பும். ஆபீஸ் வைஃபையிலிருந்து அதை எட்ட முடியக்கூடாது, தனி விலேன் (நெட்வொர்க்கில் பிரித்த தனிப் பகுதி) கட்டாயம்.

அந்தக் கம்பெனியில் இப்போது எல்லாம் மாற்றியாகிவிட்டது. ஒப்படைக்கும் முன்பு, ஒரு பரிசோதனைக் கணக்கு ஓடும்போதே, அந்தத் தம்பியையே மெயின் சுவிட்ச்சை இறக்கச் சொன்னேன். "நெசமாலுமேங்களா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் கை வைத்தார். யுபிஎஸ் தாங்கியது, மத்திய சர்வர் முறையாக அணைந்தது. கரண்ட் விட்டதும் முதலில் அது எழுந்தது, அப்புறம் பன்னிரண்டும் ஒவ்வொன்றாக எழுந்தன. கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து கணக்கு ஓட ஆரம்பித்தது.