ஊசி குத்திய விரலைக் கழுவினால் மட்டும் போதுமா?

“சார், காலைல ஒன்பது மணிக்கு டோஸ் எடுக்கும்போது ஊசி லேசா குத்திடுச்சு. அப்பவே கழுவிட்டேன். ஒண்ணும் ஆவாதுல்ல?”

குடியாத்தத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் டெக்னீஷியன் தம்பி இதைச் சொன்னபோது மதியம் மூன்று மணி. வேலூர் வட்டாரத்தில், கதிரியக்க மருந்தை உடம்புக்குள் செலுத்தி நோயைப் பார்க்கும் நியூக்ளியர் மெடிசின் துறையில் கதிரியக்கப் பாதுகாப்பு வேலை பார்க்கிறேன். அவன் சொன்ன டோஸ் அந்த மருந்துதான். குத்தியதைவிட, சொல்லாமல் போன அந்த ஆறு மணி நேரம்தான் எனக்குக் கவலையாக இருந்தது.

மருந்தைத் தயார் செய்யும் ஹாட் லேபில் வைத்து அளக்க முடியாது. சுற்றிலும் மருந்து, கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் ஓயாமல் சத்தம் போடும். தள்ளி ஓர் அறைக்கு அழைத்துப்போய், கோட்டைக் கழற்றச் சொன்னேன். மீட்டர் முகப்பை மெல்லிய பாலிதீனால் மூடி, முதலில் குத்தாத கை விரலையும் பிறகு குத்திய விரலையும் காட்டச் சொன்னேன். வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. ஈரப் பஞ்சால் காயத்திலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்து, ஒவ்வொரு பஞ்சையும் தனியாக அளந்தேன். பஞ்சில் ஒன்றும் இல்லை. விரலில் அளவு குறையவும் இல்லை. மருந்து தோலுக்கு உள்ளே இருக்கிறது.

அது டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். 24 மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். அதன் காமா கதிர் சதையைத் தாண்டி வெளியே வந்துவிடுவதால் அளப்பதும் எளிது. அயோடின் 131 என்றால் கதை வேறு. அரை ஆயுள் 8 நாள், போய்ச் சேரும் இடம் தைராய்டு. விரலோடு கழுத்தையும் அளக்க வேண்டும்.

இன்னும் சிக்கலானது புளூட்டோனியம். அணு எரிபொருளைக் கையாளும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்குத்தான் அந்த ஆபத்து. அதன் ஆல்ஃபா கதிரை மெல்லிய ரத்தப் படலமே மறைத்துவிடும். ரத்தம் கசியும் காயத்தில் ஆல்ஃபா மீட்டர் பூஜ்ஜியம் காட்டினால் அதை நம்பவே கூடாது. அதனால் அங்கே கசிந்து வரும் பலவீனமான எக்ஸ் கதிர்களையும், கூடவே இருக்கும் அமெரிசியம் 241 விடும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவையும் பிடிக்கும் கருவியை வைப்பார்கள். எக்ஸ் கதிர் சதையில் சீக்கிரம் மங்கும், காமா அவ்வளவாக மங்காது. இரண்டையும் ஒப்பிட்டால் துகள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று கணிக்கலாம். எவ்வளவு வெட்டி எடுப்பது என்று முடிவு செய்ய அறுவை மருத்துவருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.

ரத்தம் கொட்டும் பெரிய காயமென்றால் முதலில் உயிர், மீட்டர் பிறகு. சின்னக் குத்தல் என்றால் உடனே ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், தேய்க்காதீர்கள். கழுவிய கையோடு பாதுகாப்பு அதிகாரியைக் கூப்பிடுங்கள். உடம்பில் வெளியிலிருந்து படும் கதிர்வீச்சைப் பதிவு செய்ய நெஞ்சில் மாட்டிய டிஎல்டி பேட்ஜ் விரலுக்குள் போனதைச் சொல்லாது.

அந்தத் தம்பியின் விரலில் கண்ட அளவை இரண்டால் பெருக்கினால் ஒன்பது மணிக்கு இருந்தது கிடைக்கும் என்று தோன்றும். கிடைக்காது. ரத்தத்தோடு உடம்புக்குள் போனது எவ்வளவு, கழுவிய தண்ணீரோடு போனது எவ்வளவு என்பதற்குக் கணக்கில்லை. கையுறையாவது இருக்கிறதா என்று ஈயம் பூசிய கழிவுத் தொட்டியில் தேடினோம். கிடைத்தது. ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவுகூட இல்லாத ஒரு துளை. அதன்மேல் கொண்டுபோனதும் மீட்டர் கத்தியது. ஒன்பது மணிக்கே கூப்பிட்டிருந்தால் என் கையில் முதலில் வந்திருக்க வேண்டியது அதுதான்.