பாம்பின் இதயத்தைப் படித்த பரேல் டாக்டர்

மும்பை சயானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மாமாவுக்கு பைபாஸ் செய்யச் சொல்லிவிட்டார்கள். இதயத்துக்கு ரத்தம் போதவில்லையாம். உள்ளேயே அவ்வளவு ரத்தம் ஓடும்போது அதற்கே எப்படிப் பற்றாக்குறை வரும்?"

அருமையான கேள்வி. அவர் வீட்டிலிருந்து சில ஸ்டேஷன் தள்ளி, பரேல் கேஇஎம் மருத்துவமனையில் டாக்டர் பி. கே. சென் ஆராய்ந்ததும் இதைத்தான்.

நம் இதயச் சுவர் கெட்டியானது. அறைக்குள் இருக்கும் ரத்தம் அதில் ஊறாது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனிக்குள் ரத்தம் போன பிறகு, அதன் முதல் கிளைகளான கரோனரி தமனிகள் இதயத்தின் வெளிப்புறம் படர்ந்து, அங்கிருந்து தசைக்குள் இறங்குகின்றன. அவை அடைத்தால் நெஞ்சுவலி. பைபாஸ் என்பது அந்த வெளிப்பாதைக்கு மாற்றுவழி போடுவதுதான்.

பாம்புக்கு இந்தச் சுற்றுவழி அவ்வளவாகத் தேவையில்லை. அதன் கீழறைச் சுவரின் பெரும்பகுதி காய்ந்த பீர்க்கங்காய் நார்க்கூடு போல இருக்கும். தசை இழைகள் பின்னிக் கிடக்க, நடுவில் எங்கும் சந்துபொந்துகள். அறை விரியும்போது ரத்தம் அவற்றில் புகுந்து இழைகளை நேராக நனைக்கிறது. சுருங்கும்போது பிழிந்து வெளியேறுகிறது. இதைவிட அழகான சங்கதி, தாய் வயிற்றில் ஆரம்ப வாரங்களில் நம் இதயமும் இப்படித்தான் இருக்கிறது! அப்புறம்தான் இழைகள் இறுகுகின்றன, கரோனரி குழாய்கள் வளர்கின்றன.

சரி, மனித இதயத்தையும் கொஞ்சம் பாம்பிதயமாக்கினால் என்ன என்று யோசித்தார் சென். நாய்களின் இதயச் சுவரில், அறைவரை எட்டும்படி ஊசியால் துளைகள் போட்டுப் பார்த்தார். 1965இல் அந்த ஆய்வு வெளியானது. 1968 பிப்ரவரி 16 அன்று இந்தியாவின் முதல் இதய மாற்று அறுவையைச் செய்தவரும் அவரே. கேப் டவுனில் பார்னார்ட் உலகின் முதல் மாற்று அறுவையைச் செய்து இரண்டரை மாதம்தான் ஆகியிருந்தது. சென்னின் நோயாளி சில மணி நேரமே பிழைத்தார். அந்த ஒரு தேதிக்காக மட்டும் சென் பெயரைச் சொல்வது எனக்குப் போதவில்லை.

இத்தனையும் நடந்தது கூட்டம் அலைமோதும் ஒரு மாநகராட்சி மருத்துவமனையில். நோயாளியைத் தினமும் பார்க்கிறவருக்குத்தான் இப்படிக் கேள்வி எழும். அவர்களுக்கு ஆய்வுப் பணம் தனியாக ஒதுக்க வேண்டும். நாகபஞ்சமிக்குப் பாம்பின் வாயில் பால் ஊற்றுகிறோம். பால் அதன் உணவே அல்ல. அதன் இதயத்தைப் படித்தவரைப் பள்ளிப் புத்தகத்தில் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஊசித் துளைகள் நிலைக்கவில்லை. ரத்தம் உறைந்து, தழும்பேறி மூடிக்கொண்டன. தவிர, நம் கெட்டித் தசை சுருங்கும்போது சுவருக்குள்ளும் அழுத்தம் அறையளவுக்கு ஏறிவிடும். பிறகு ரத்தம் எப்படி உள்ளே பாயும்? பின்னாளில் சிலர் லேசரால் துளையிட்டார்கள். 1998இல் அமெரிக்க அரசு அதை அனுமதித்தது. அந்தத் துளைகளும் மூடிக்கொண்டன, ஆனால் பலருக்கு வலி குறைந்தது. சூட்டில் நரம்புகள் கருகியதாலா, புண் ஆறும்போது புது நுண்குழாய்கள் முளைத்ததாலா என்ற வாதம் ஓயவில்லை. நுண்குழாய்கள்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் கால் வழியாகக் குழாய் செலுத்திச் செய்த லேசர் பரிசோதனை ஒன்றில், லேசர் போடாமலே போட்டதுபோல் காட்டும் போலிச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் அதே அளவு வலி குறைந்திருக்கிறது.