தெரபிக்குக் காத்திருக்கும்போதே கேட்கக்கூடிய உரிமை

சட்டைக் காலரின் லேபிள் உரசினாலே ஒரு குழந்தை அழுகிறது. மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கடியில் ஒளிகிறது. பார்ப்பவர்கள் அடம் என்பார்கள். அடமில்லை; ஒலியும் தொடுதலும் அந்தக் குழந்தைக்குத் தாங்க முடியாத அளவில் போய்ச் சேர்கின்றன. இத்தகைய புலனுணர்வுச் சிக்கலோடு அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குவது ஆக்குபேஷனல் தெரபி.

பெற்றோர் முதலில் முட்டி நிற்பது நோய்ப்பெயரில். மனநல மருத்துவர்கள் நோயைக் கண்டறியப் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டி.எஸ்.எம்.-5, 2013-ல் வந்தபோது ஆட்டிசத்தின் அறிகுறிகளில் புலனுணர்வுச் சிக்கலையும் சேர்த்தது. தனி நோயாகப் பட்டியலிடவில்லை. பெயரில்லாததற்கு உரிமை உண்டா?

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை 2006-ல் நிறைவேறியது; 180-க்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்றிருக்கின்றன. நீண்டகாலக் குறைபாடும் சூழலிலுள்ள தடையும் சேர்ந்து ஒருவரின் பங்கேற்பைத் தடுக்கிறதா என்றுதான் அதன் 1-வது பிரிவு பார்க்கிறது. நோய்களின் பட்டியல் அதில் கிடையாது. ஆனால் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான விதி நாட்டுக்கு நாடு மாறும்; அதைத் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

26-வது பிரிவு மறுவாழ்வுச் சேவை பற்றியது. முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும், வீட்டுக்கு அருகில் கிடைக்க வேண்டும், சேருவது அவரவர் விருப்பம். தெரபி இதில் அடங்கும். ஆனால் இத்தகைய சேவைகளை வசதிக்கேற்பப் படிப்படியாக விரிவாக்க அரசுகளுக்கு இடமுண்டு. அதனால் தெரபிக்குக் காத்திருக்க வேண்டிவரலாம்.

பலர் தவறவிடுவது 2-வது பிரிவை. பள்ளியோ அலுவலகமோ அந்த நபருக்கேற்ற நியாயமான மாற்றத்தைச் செய்ய மறுப்பது பாகுபாடு என்கிறது அது. இந்தக் கடமை கேட்ட நிமிடத்திலிருந்தே தொடங்குகிறது என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2018-ல் விளக்கியது. சுமை அளவுக்கு மீறியது என்றால் மறுக்கலாம். அதை நிரூபிக்க வேண்டியவர் மறுப்பவர்தான். தெரபிக்கு இடம் கிடைக்கும்வரை இந்த மாற்றத்தைக் கேட்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

எழுத்தில் கேளுங்கள். தெரபிஸ்ட் பார்த்திருந்தால் அவரது அறிக்கையை இணையுங்கள். "சென்சரி பிரச்சினை உள்ளது" என்ற வரியை வைத்து ஆசிரியரால் எதுவும் செய்ய முடியாது. "மணி அடித்தபின் பத்து நிமிடம் பென்சில் பிடிக்க முடிவதில்லை, முன்கூட்டியே சொல்லி, காதுமூடி கொடுத்தால் எழுதுகிறான்" என்றிருந்தால் மறுநாளே செய்துவிடலாம். பெரியவர்களும் இப்படியே கேட்கலாம்: மினுக்கும் விளக்கை மாற்றித் தரச் சொல்லி, கதவோரத்திலிருந்து இருக்கையை நகர்த்தச் சொல்லி. வேலையிடத்துக்கு 27-வது பிரிவு இருக்கிறது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்ட தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.