பழகிய கையை மாற்றுவது எப்படி?

மீனம்பாக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்துக்கும் ஏடிஆர் 72 என்ற புரொப்பெல்லர் விமானத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் ஒரு விமானியை, “நாளைக்கு தில்லி போகிற ஏர்பஸ்ஸுக்கு ஆள் இல்லை, ஏறிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட முடியாது. உரிமம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்த கணக்கும் இருக்கிறது. ஆனாலும் அந்த ஏர்பஸ் ஏ320 ஜெட்டை ஓட்ட அவருக்குத் தனி அனுமதி வேண்டும். டைப் ரேட்டிங் என்று பெயர். அதை வாங்கிக் கையெழுத்தாகி உரிமத்தில் ஏறுவதற்குள் சில மாதங்கள் ஓடிவிடும்.

இரண்டும் விமானம்தானே, இதில் என்ன அவ்வளவு வித்தியாசம் என்று கேட்கலாம். கணக்குப் போட்டே பார்க்கலாம். ஏடிஆர் 72 தரையிறங்கும்போது அதிகபட்ச எடை சுமார் 22 டன்; வேகம் 110 நாட் வாக்கில், அதாவது மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர். ஏ320க்கு எடை சுமார் 66 டன், வேகம் 135 நாட் வாக்கில். எடை மூன்று மடங்கு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும் என்பதால், ஓடுதளத்தைத் தொடும் கணத்தில் ஏ320 சுமந்துவரும் ஆற்றல் நாலு மடங்குக்கும் மேல். அத்தனையையும் பிரேக்கும் காற்றும் சேர்ந்து தின்று தீர்க்க வேண்டும்.

இறங்குவதும் வேறு மாதிரி. புரொப்பெல்லர் விமானத்தில் விசையைக் குறைத்தால் விசிறியே காற்றுக்கு முட்டுக்கட்டையாகி வேகத்தைக் குறைத்துவிடும். ஜெட்டில் அந்த வசதி இல்லை, வழுக்கிக்கொண்டே போகும். ஒரே நேரத்தில் கீழேயும் இறங்கு, வேகத்தையும் குறை என்றால் கேட்காது. அதனால் ஜெட் விமானிகள் ஒரு மனக்கணக்கு வைத்திருப்பார்கள்: எத்தனை ஆயிரம் அடி இறங்க வேண்டுமோ, அதை மூன்றால் பெருக்கினால் வரும் கடல் மைல் தூரத்திலேயே இறங்கத் தொடங்கு. 36,000 அடி என்றால் 108 கடல் மைல், அதாவது 200 கிலோமீட்டர். தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் சீர்காழி வாக்கிலேயே இறங்க ஆரம்பித்தாக வேண்டும். ஏடிஆர் விமானிக்கு இது முதலில் அபத்தமாகத்தான் தோன்றும். ஊரே கண்ணில் படவில்லை, அதற்குள் இறங்குவதா?

இந்த எண்களைப் புதிதாகக் கற்றுக்கொள்வது கஷ்டமில்லை. படிக்கத் தெரிந்தவர்கள்தான். கஷ்டம் கையில் இருக்கிறது.

ஏடிஆரில் விசை நெம்புகோலைத் தானாக நகர்த்தும் வசதி கிடையாது. வேகம் குறைகிறதா, கை முன்னால் தள்ளும். கூடுகிறதா, பின்னால் இழுக்கும். வருடக்கணக்கில் இதைச் செய்த கை, மூளையைக் கேட்காமலேயே செய்துகொண்டிருக்கும். ஏ320இல் புறப்பட்ட சிறிது நேரத்தில் நெம்புகோலை ஒரு பள்ளத்தில் வைத்துவிட்டால், அப்புறம் அது அசையாது. எஞ்சினின் விசையைக் கணினி கூட்டிக் குறைக்கும். நெம்புகோல் கல் மாதிரி நிற்கும். ஓடுதளத்துக்கு 20 அடி உயரத்தில் விமானமே “ரிடார்ட், ரிடார்ட்” (விசையைக் குறை) என்று குரல் கொடுத்த பிறகுதான் பொதுவாக அதைப் பின்னால் இழுப்பார்கள். கையில் எதுவும் தட்டுப்படாததால், விசை என்ன ஆகிறது என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பழைய விமானத்தில் கை சொன்ன சேதியை இங்கே கண் சொல்ல வேண்டும்.

ஓட்டும் பிடியும் அப்படித்தான். ஏடிஆரில் இரண்டு விமானிகளின் பிடிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஒருவர் திருப்பினால் மற்றவர் முன்னாலும் அது திரும்பும். ஏ320இல் ஆளுக்கொரு சின்னக் குச்சி, பக்கவாட்டில். ஒருவர் அசைப்பது மற்றவர் கைக்குத் தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டி விடை எடுக்கும். “டூயல் இன்புட்” என்று எச்சரிக்கையும் வரும். குச்சியை விட்டுவிட்டால் விமானம் சாய்ந்த இடத்திலேயே நிற்கும், 33 டிகிரி வரை. அதற்கு மேல் சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் தானாக 33க்குத் திரும்பிவிடும். எவ்வளவு அமுக்கினாலும் 67 டிகிரியைத் தாண்டாது. கணினிகள் நல்ல நிலையில் இருக்கும்வரை இந்தக் காவல் உண்டு. சில கோளாறுகளில் அது படிப்படியாக விலகிக்கொள்ளும், அப்போது இது சாதாரண விமானம். எந்த நிலையில் எந்தக் காவல் இருக்கிறது என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

மாருதியோ ஹூண்டாயோ ஓட்டிப் பழகியவர் முதன்முதலில் ஒரு ஸ்கோடாவில் ஏறிக் கத்திப்பாராவில் திரும்பும்போது, வெயிலில் வைப்பர் ஓடும். இண்டிகேட்டர் இடது பக்கம் இருப்பது தெரியாமல் இல்லை. அவசரத்தில் வலது கை முந்திக்கொள்கிறது. உளவியலாளர்கள் இதை எதிர்மறைப் பயிற்சி மாற்றம் என்பார்கள். பழைய திறமை எவ்வளவு ஆழமோ, தொந்தரவும் அவ்வளவு ஆழம். நிதானமாக இருக்கும்போது தலைகாட்டாது. பதற்றம் வந்தால் பழைய கைதான் முதலில் நீளும். டைப் ரேட்டிங்கின் பெரும்பகுதி இந்தப் பழைய கையோடு நடக்கும் மல்லுக்கட்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

சண்டை தொடங்கும் இடம் வகுப்பறைகூட இல்லை; வீட்டுச் சுவர். பல்லாவரத்தில் இரண்டு இளம் விமானிகள் சேர்ந்து எடுத்திருக்கும் ஒரு மாடி அறையைப் பார்த்தேன். கட்டிலுக்கு எதிரே முழு அளவில் அச்சடித்த காக்பிட் படம்: முன் பலகை, நடுப் பலகை, அதற்கு மேல் கூரையில் செல்லோடேப் போட்டு ஒட்டிய மேல் பலகை. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஒருவர் படத்தில் விரலை வைத்துக்கொண்டே போகிறார், மற்றவர் கையில் டேப்லெட்.

“டேய், வெள்ளை லைட் ஒண்ணு எரியுது, பார்க்காம போற.”

“படத்துல எங்கடா எரியுது?”

“எரியுதுன்னு வச்சுக்க.”

ஏர்பஸ் காக்பிட்டில் எல்லாம் சரியாக இருந்தால் மேல் பலகை இருண்டு கிடக்கும். கிளம்புவதற்குத் தயார் செய்யும்போது, எரியும் வெள்ளை விளக்கை எல்லாம் அணைத்துக்கொண்டே போவதுதான் வேலை. அதை வரிசை வரிசையாக, எப்போதும் ஒரே பாதையில் செய்வார்கள். இந்தப் பாதைக்கு ஃப்ளோ என்று பெயர். பொத்தான் பொத்தானாக மனப்பாடம் செய்யாமல், விரலின் பாதையையே மனப்பாடம் செய்வது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குச் சென்னைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும் ஒரு சோதனை உண்டு. 1973இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் சதுரங்க ஆட்டக்காரர்களிடம் பலகையை 5 விநாடி காட்டிவிட்டு, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் வல்லவர் சுலபமாக அடுக்கினார். புதியவர் நாலைந்து காயோடு தடுமாறினார். காய்களைக் கன்னாபின்னாவென்று பரப்பிக் காட்டியபோது இருவரும் ஏறக்குறைய ஒன்றுதான். வல்லவரின் நினைவாற்றல் பெரிதில்லை. அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்கவில்லை, கொத்துக் கொத்தாகப் பார்க்கிறார். நம்முடைய உடனடி நினைவில் ஒரே நேரத்தில் நிற்பது சில பொருள்கள்தான். பத்துப் பொத்தான் ஒரு கொத்தாகிவிட்டால் அது ஒரே ஒரு பொருள். மீதி இடம் காலியாக இருக்கும், யோசிப்பதற்கு. சிமுலேட்டருக்கு, அதாவது விமானம் போலவே நடந்துகொள்ளும் பயிற்சிப் பெட்டிக்கு, போகும் முன்பே இந்தக் கொத்துகளைக் கட்டி முடித்திருக்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் கறாராகச் சொல்வது இதனால்தான். அங்கே போய்ப் பொத்தான் தேடினால் அன்றைய பாடம் போச்சு.

இன்னொன்று: புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பது மேல். நினைவிலிருந்து இழுத்து எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு உறுதிப்படுகிறது. கல்லூரியில் செய்ததைப் போல முந்தின நாள் இரவு கண்விழிப்பது இங்கே செல்லாது.

சரி, சிமுலேட்டர். சென்னை விமானிகள் இதற்காகப் பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ தில்லிப் பக்கமோ போவது வழக்கம். இந்தப் பெட்டியின் முப்பாட்டன் 1929இல் பிறந்தது. அமெரிக்காவின் பிங்ஹாம்டனில் இசைக்கருவித் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன் எட்வின் லிங்க், ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளை வைத்தே ஒரு குட்டி விமானத்தை ஆட்டி அசைத்தார். முதலில் அது கேளிக்கைப் பூங்காக்களுக்குத்தான் போனது. 1934இல் அமெரிக்க ராணுவ விமானிகள் மோசமான வானிலையில் தபால் கொண்டுபோய் அடுத்தடுத்து இறந்தபோதுதான் ராணுவம் ஆறு பெட்டிகளை வாங்கியது.

இன்றைய பெட்டி ஆறு கால்களில் நிற்கிறது. கால்கள் நீண்டு குறுகும். அறை முன்பின், மேல்கீழ், பக்கவாட்டு என நகரவும் மூன்று விதமாகச் சாயவும் முடியும். ஆனால் எந்தப் பக்கமும் ஓரிரு மீட்டருக்கு மேல் போக முடியாது. அப்படியிருக்க, 3,658 மீட்டர் நீளமுள்ள சென்னை ஓடுதளத்தில் அரை நிமிடத்துக்கு மேல் விரையும் உணர்ச்சியை எப்படிக் கொடுப்பது?

ஏமாற்றித்தான். நம் உள்காதில் பசை போன்ற ஒரு படலத்தின் மேல் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. தலை பின்னால் சாய்ந்தால் படிகங்கள் புவியீர்ப்பால் பின்னால் நகரும். வாகனம் முன்னால் பாய்ந்தாலும் அவை பின்னால்தான் நகரும். இரண்டில் எது நடந்தது என்று அந்த உறுப்பால் சொல்லவே முடியாது. பெட்டி செய்வது இதுதான்: முதலில் ஒரு சின்ன உந்தல், அப்புறம் மெதுவாக மூக்கைத் தூக்கிச் சாய்கிறது. நொடிக்கு சுமார் 2, 3 டிகிரிக்குக் குறைவான வேகத்தில் சாய்ந்தால் உள்காதின் சுழற்சி உணர்வுக்கு எட்டாது. முன்னால் உள்ள திரையிலோ அடிவானம் மட்டமாகவே நிற்கிறது. சாய்ந்திருக்கிறோம் என்று எதுவும் சொல்லாததால், பாய்கிறோம் என்று மூளை முடிவு கட்டிவிடுகிறது. புவியீர்ப்பில் ஐந்தில் ஒரு பங்கு முடுக்கத்தை உணர வைக்க ஏறக்குறைய 11 டிகிரி சாய்வு போதும். வெளியே நின்று பார்த்தால், வெள்ளைப் பெட்டி ஒன்று சோம்பலாக அண்ணாந்து பார்ப்பது போலிருக்கும். உள்ளே இருப்பவருக்கு முதுகு இருக்கையில் அழுந்தும்.

இதே ஏமாற்று நிஜ விமானத்தில் ஆளைக் கொல்லும். சென்னையில் 07 என்ற முனையிலிருந்து கிழக்கே கிளம்பும் விமானம் சில நிமிடங்களில் பெசன்ட் நகர் விளக்குகளைத் தாண்டிக் கடலுக்கு மேலே போய்விடும். அமாவாசை இரவில் அங்கே அடிவானமே இல்லை. விமானம் வேகம் எடுக்கும்போது உள்காது “மூக்கு ரொம்பத் தூக்கிவிட்டது” என்று சொல்லும். அதை நம்பினால் கை குச்சியை முன்னால் தள்ளும். 2000 ஆகஸ்ட் 23 இரவு பஹ்ரைனில் தரையிறங்காமல் மறுபடி மேலேறிய கல்ஃப் ஏர் ஏ320 ஒன்று இருண்ட கடலுக்குள் போய் விழுந்தது. 143 பேர் இறந்தார்கள். விசாரணை அறிக்கை சுட்டிய காரணங்களில் இந்த மாயையும் ஒன்று. உடம்பு சொல்வதைக் கேட்காதே, கருவியைப் பார் என்பதை, உடம்பை ஏமாற்றும் பெட்டிக்குள் வைத்தே கற்றுக்கொடுக்கிறார்கள்.

ஒரு அமர்வு நான்கு மணி நேரம். இரண்டு பேர் மாறி மாறி ஓட்ட வேண்டும். பெட்டியின் விலை அப்படி, அதைச் சும்மா விடமாட்டார்கள். அதிகாலை இரண்டு மணிக்குக்கூட முறை வரும். அதில் எல்லோருக்கும் பயம் ஒன்று உண்டு: புறப்படும்போது, இனி நிறுத்த முடியாது என்ற வேகத்தைத் தாண்டிய மறுகணம் ஒரு எஞ்சின் நின்றுவிடும். மூக்கு செத்த எஞ்சின் பக்கம் திரும்பும். எதிர்ப் பக்கக் காலை அழுத்தி நேராக்க வேண்டும். மணி அடிக்கும், விளக்கு எரியும், எதையாவது செய்யச் சொல்லிக் கை பரபரக்கும். சரியான விடை, ஏறக்குறைய ஒன்றும் செய்யாமலிருப்பது. நேராகப் பறக்கவிடு, சக்கரத்தை மடக்கு; 400 அடி தாண்டும்வரை வேறெதையும் தொடாதே. அவசரப்பட்டு நல்ல எஞ்சினை அணைத்த கதைகள் விமான வரலாற்றில் உண்டு.

எல்லாம் தேறினால் பரிசோதகர் முன்னால் தேர்வு. அப்புறம் பயிற்சிக் கேப்டன் பக்கத்தில் உட்கார, பயணிகளோடு பறக்கும் பயிற்சி. புதியவர் என்றால் தொடக்கத்தில் பின்னால் இன்னொரு விமானியும் காவலுக்கு இருப்பார்.

எது புது விமானம் என்பதே சில சமயம் சிக்கலான கேள்வி. ஏ319, ஏ320, ஏ321 மூன்றுக்கும் ஒரே ரேட்டிங். அது நியாயம்தான், காக்பிட் ஒன்றுதான். போயிங் 737 மேக்ஸ் வந்தபோதும் பழைய 737 விமானிகளுக்குக் கணினியில் ஒரு சிறு பாடம் போதும் என்றார்கள். எம்கேஸ் என்ற புதிய மென்பொருள் மூக்கைக் கீழே தள்ளக்கூடும் என்பதே கையேட்டில் பலருக்குச் சொல்லப்படவில்லை. 2018 அக்டோபர் 29 அன்று லயன் ஏர் விமானம் விழுந்து 189 பேர். 2019 மார்ச் 10 அன்று எத்தியோப்பியன் விமானம் விழுந்து 157 பேர். ரேட்டிங் மாறவில்லை, 737 விமானி இன்றும் 737 விமானிதான். ஆனால் மேக்ஸில் ஏறும் முன் பெட்டிக்குள் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்பது விதியாகிவிட்டது.