வலைப்பதிவு: சொல் எங்கிருந்து வந்தது, வயலுக்கு எப்படிப் போகிறது

எங்கள் பக்கத்தில் பதிவு என்றால் முதலில் ஞாபகம் வருவது ஜீஎஸ் (கிராம சேவகர்) கந்தோர்தான். குடும்பப் பதிவு, காணிப் பதிவு, மீள்குடியேற இன்னொரு பதிவு என்று வன்னிச் சனம் வரிசையில் நின்றே பழகிய சொல். இணையத்தில் எழுதுகிற புளொக்குக்கும் (blog) அதையே வைத்திருக்கிறோம்: வலைப்பதிவு.

புளொக், வெட்டிச் சுருக்கிய சொல். 1997இல் யோர்ன் பார்கர் என்ற அமெரிக்கர் 'வெப்லொக்' (weblog, வலைக் குறிப்பேடு) என்று எழுதினார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் அதை விளையாட்டாக 'வீ புளொக்' (we blog, நாங்கள் புளொக் எழுதுகிறோம்) என்று பிரித்துப்போட, பின்பாதி மட்டும் நிலைத்துவிட்டது. 'லொக்' என்பது முதலில் மரக்கட்டை. கயிற்றில் கட்டிக் கடலில் எறிவார்கள், கயிறு ஓடுகிற ஓட்டத்தில் கப்பலின் வேகத்தைக் கணித்துக் கொப்பியில் குறிப்பார்கள், அப்படியே கட்டையின் பெயர் கொப்பிக்கும் ஏறிவிட்டது.

தமிழில் வலைப்பூ என்றும் சொல்கிறார்கள். வடிவான சொல்தான், ஆனால் அதிலிருந்து வினை எடுத்துப் பாருங்கள்: 'நேற்று வலைப்பூத்தேன்' என்றால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். பதிவில் அந்தக் கரைச்சல் இல்லை. பதிந்தேன், பதிவர், பதிவிடு என்று எல்லாம் வருகிறது. சேற்றில் கால் பதிகிறதும் மனதில் ஒன்று பதிகிறதும் அதே பதிதான்.

ஆய்வாளர் எழுதினால் ஆய்வு வலைப்பதிவு. முடிந்த ஆய்வைச் சொல்ல மட்டுமல்ல, ஆய்வையே அதில் நடத்தியவர்களும் உண்டு. 2009 ஜனவரியில் கணிதர் திமொதி கவர்ஸ் தன் வலைப்பதிவில் ஒரு கணக்கைப் போட்டு, எல்லாரும் வாருங்கள், சேர்ந்து செய்வோம் என்றார். சில கிழமைகளில் வழி பிடிபட்டது. (போரின் கடைசி மாதங்கள் அவை; அந்த ஜனவரியில் நாங்கள் எங்கே நின்றோம் என்று வன்னியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.)

இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியா வளாகமும் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. மண்ணும் பூச்சியும் இங்கே எடுத்தவை, கட்டுரை மட்டும் ஆங்கில ஆய்விதழுக்குப் போய்விடும். அதைத் திறக்கப் பல இடங்களில் டொலரில் காசு கேட்கும்.

விவசாயம் படித்த தங்கச்சி ஒருத்தி இரணைமடுப் பக்கம் ஒரு பெரியவரின் வயலில் பூச்சி எடுத்திருந்தாள். அடுத்த போகத்தில் அவர் வழியில் கண்டு, "பிள்ளை, அண்டைக்குப் பூச்சி பிடிச்சுக்கொண்டு போனனீங்கள், பிறகு என்ன கண்டனீங்கள்?" என்று கேட்டுவிட்டார். அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றிரவே எழுதினாள்: கபில நிறத் தத்தி என்ற பூச்சி நெல்லுத் தண்டின் அடியில் இருந்து சாறு உறிஞ்சுவது, யூரியா கூடினால் அது பெருகுவது, கண்டபடி மருந்தடித்தால் தத்தியைத் தின்கிற சிலந்தியும் சாவது, எல்லாம் இரண்டு பக்கத்துக்குள். பெரியவர் பேரனின் போனில் வாசித்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "அறக்கொட்டியான் எண்டு போட்டிருந்தா எனக்கு முதல் வரியிலயே விளங்கியிருக்கும்."

ஆய்விதழில் அச்சான கட்டுரையில் இனிக் கை வைக்க ஏலாது. பதிவில் அன்று பின்னேரமே தலைப்பை மாற்றிவிட்டாள்.